பூவைப் பார்த்து, இலையைப் பார்த்து... வரப்புக் கிழங்குகளை அடையாளம் காண்போம்

போன சித்திரையில் நடந்தது இது. எங்கள் பக்கத்துத் தோட்டத்துத் தம்பி, நகரத்து வேலையை விட்டுவிட்டு இயற்கை வழி வேளாண்மைக்கு வந்து இரண்டு வருடம்தான் ஆகிறது. கோடை மழை பெய்ததும் வரப்போரம் ஒட்டி உழவு ஓட்டினார். ஏர்முனையில் கிழங்குகள் புரண்டு வெளியே வந்தன. வழவழவென்று பழுப்புத் தோல், ஒடித்துப் பார்த்தால் உள்ளே வெள்ளை. "காட்டு வள்ளிக்கிழங்கு கெடச்சிருக்குங்க, வேகவைக்கலாம்" என்று ஒரு கூடை நிறையப் பொறுக்கி வைத்துவிட்டார்.

களையெடுக்க வந்திருந்த ஆத்தா ஒருவர் கூடையை எட்டிப் பார்த்தார். "அட சாமி, அதக் கீழ போடு மொதல்ல! வள்ளியா இது? கண்வலிக்கெழங்கு கண்ணு. கலப்பையாட்டம் வளஞ்சிருக்கறது தெரியல? தின்னா ஆளே போயிரும்" என்று கத்தினார். தம்பிக்குக் கை நடுங்கிவிட்டது. அன்றைக்கு ஆத்தா வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் எனக்கு இன்னும் மனசு பதறுகிறது.

அந்தத் தம்பியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. கார்த்திகையில் அதே வரப்பில் செக்கச்செவேலென்று பூத்த செங்காந்தளைப் படம் பிடித்து எல்லோருக்கும் அனுப்பியவர் அவர். அந்தப் பூவும் இந்தக் கிழங்கும் ஒன்று என்பதுதான் அவருக்குத் தெரியவில்லை. பூக்கும்போது கிழங்கு மண்ணுக்குள் இருக்கிறது. கிழங்கு வெளியே வரும்போது பூவும் இல்லை, இலையும் இல்லை. இந்த இடைவெளியில்தான் ஆபத்து இருக்கிறது. அதனால் மழைக்காலத்தில், செடி இலையும் பூவுமாக நிற்கும்போதே இவற்றைப் படித்துவிட வேண்டும்.

முதலில் கூட்டத்தைக் கண்டுபிடிங்க

செங்காந்தள், நரிவெங்காயம், விஷமூங்கில், தண்ணீர்விட்டான், நிலப்பனை இவை எல்லாம் ஒரு பெரிய கூட்டத்தைச் சேர்ந்தவை. பொதுவாக லில்லி வகை என்று சொல்கிறோம். தாவரவியலார் இப்போது இவற்றைத் தனித்தனிக் குடும்பங்களாகப் பிரித்துவிட்டார்கள். ஆனால் வரப்பில் நிற்கும் நமக்கு மூன்று பொது அடையாளங்கள் போதும்.

ஒன்று, பூவின் கணக்கு. எல்லாம் மூன்றின் மடங்கு. இதழ் 6, மகரந்தத் தாள் 6, காயை அறுத்தால் 3 அறை. செம்பருத்தியில் இருப்பது போலப் பச்சைப் புல்லிதழ் தனியாக இருக்காது. ஆறும் இதழாகவே தெரியும்.

இரண்டு, இலையின் நரம்பு. வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துப் பாருங்க. நெல் இலை போல நரம்புகள் நீளவாக்கில் பக்கத்துப் பக்கத்தில் ஓடும். அரச இலையில் பார்க்கிற மாதிரி வலைப்பின்னல் இருக்காது.

மூன்று, மண்ணுக்குள் சேமிப்பு. கிழங்கு, வெங்காயம், தடித்த வேர் என்று ஏதாவது ஒன்றில் உணவைச் சேர்த்து வைத்துக்கொண்டு வறட்சியில் தூங்கும். மழை வந்ததும் எழும்பும்.

இந்த மூன்றும் பொருந்தினால் செடி இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததாக இருக்க வாய்ப்பு அதிகம். அடுத்து, எது என்று பிரிக்க வேண்டும். அதற்கு நான்கு கேள்விகள்: இலை தரையிலிருந்து வருகிறதா, தண்டிலிருந்து வருகிறதா? இலையின் நுனி எப்படி இருக்கிறது? பூவும் இலையும் ஒரே நேரத்தில் இருக்கின்றனவா? பிஞ்சு இதழுக்கு மேலே இருக்கிறதா, கீழே இருக்கிறதா?

செங்காந்தள் (கண்வலிக்கிழங்கு, கலப்பைக்கிழங்கு, கார்த்திகைப்பூ)

நம் மாநில மலர். சங்கப் புலவர்கள் பெண்களின் விரலுக்கு உவமை சொன்ன பூ. வேலியிலும் புதரிலும் கொடியாக ஏறி நிற்கும்.

இலைதான் இதற்கு முதல் சாட்சி. காம்பு கிடையாது, நேராகத் தண்டில் ஒட்டியிருக்கும். அடியில் அகன்று நுனிக்குப் போகப் போகக் குறுகும். கடைசி நுனி பற்றுக்கம்பியாகச் சுருண்டு பக்கத்துக் குச்சியைப் பிடித்துக்கொள்ளும். பாகலிலும் பீர்க்கனிலும் பற்றுக்கம்பி தனியாக முளைக்கும். செங்காந்தளில் இலையின் நுனியே பற்றுக்கம்பி. இந்த அடையாளம் ஒன்றே நம் வரப்பில் மற்ற கொடிகளிலிருந்து இதைப் பிரித்துக் காட்டிவிடும்.

ஆனால் ஒரு எச்சரிக்கை. இளஞ்செடியிலும் கொடியின் அடி இலைகளிலும் நுனி சுருண்டிருக்காது. அதனால் முழங்கால் உயரச் செடியைப் பார்த்து, "சுருள் இல்லை, அப்போ இது வேற" என்று முடிவு செய்யாதீங்க. கீரை பறிக்கும்போது கானாவாழையோடு இதைக் குழப்பிக்கொள்ளவும் கூடாது. கானாவாழை இலையின் அடிப்பகுதி உறை மாதிரி தண்டைச் சுற்றி மூடியிருக்கும், பூ நீலமாக இருக்கும். செங்காந்தளில் அந்த உறை இல்லை.

பூவுக்கு வருவோம். காம்பு வளைந்து பூ தரையைப் பார்த்துத் தொங்கும். ஆனால் ஆறு இதழும் பின்னோக்கி மடங்கி வானத்தைப் பார்க்கும், தீச்சுவாலை மாதிரி. இதழின் ஓரம் அலை அலையாக நெளிந்திருக்கும். முதலில் பச்சை கலந்த மஞ்சள், பிறகு மேல்பாதி சிவப்பு, கீழ்பாதி மஞ்சள், கடைசியில் முழுச் சிவப்பு என்று ஒரே பூ சில நாட்களில் நிறம் மாறும். ஒரே கொடியில் மஞ்சள் பூவும் சிவப்புப் பூவும் இருந்தால் இரண்டு வகை என்று நினைக்க வேண்டாம், வயசுதான் வேறு.

ஆறு மகரந்தத் தாள்களும் குடைக்கம்பி மாதிரி நாலா பக்கமும் விரிந்திருக்கும். நடுவில் பச்சையாகப் பிஞ்சு தெரியும். இதழ் ஒட்டியிருக்கும் இடத்துக்கு அப்பால், வெளிப்படையாக இருக்கும். அந்தப் பிஞ்சிலிருந்து கிளம்பும் சூல்தண்டு சட்டென்று பக்கவாட்டில் ஒடிந்த மாதிரி வளைந்து நிற்கும். மகரந்தம் ஒரு பக்கம், சூல்முடி ஒரு பக்கம் என்று விலகி இருப்பதால்தான், மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் இதை விதைக்காகப் பயிர் செய்கிறவர்கள் காலை நேரத்தில் கையாலேயே மகரந்தம் தொட்டு வைக்கிறார்கள். காய் முற்றியதும் மூன்றாகப் பிளந்து ஆரஞ்சுச் சிவப்பில் விதைகளைக் காட்டும்.

கிழங்கு ஏர்க்கலப்பை போல வளைந்தோ, இரண்டு கையாகப் பிரிந்தோ இருக்கும். கலப்பைக்கிழங்கு என்ற பெயர் அதனால்தான். புதுசாக வருகிறவர்கள் கிழங்கை மட்டும் வைத்து முடிவு செய்யக் கூடாது. உழவில் ஒடிந்த துண்டுக்கு வடிவம் ஏது?

இதன் எல்லாப் பகுதியிலும் கோல்ச்சிசின் என்ற நஞ்சு இருக்கிறது. கிழங்கிலும் விதையிலும் அதிகம். வேகவைத்தாலும் போகாது. இதே பொருள் சரியாக அளந்து கொடுக்கும்போது யூரிக் அமில மூட்டுவலிக்கு மருந்து. விதைக்கு விலை கிடைப்பதும் அதற்காகத்தான். மருந்து அளவுக்கும் சாகடிக்கும் அளவுக்கும் இடைவெளி ரொம்பக் குறைவு. அதனால் கை வைத்தியமாக யாரும் முயற்சி செய்யக் கூடாது.

வள்ளியும் கவலையும் எப்படி வேறுபடும்?

தம்பி ஏமாந்தது இந்த இடத்தில்தான். வள்ளி, கவலை போன்ற காட்டுக்கிழங்குக் கொடிகளைச் செங்காந்தளிலிருந்து பிரிப்பது, இலை இருக்கும்போது மிக எளிது.

வள்ளி வகைக் கொடி தன் தண்டாலேயே மரத்தைச் சுற்றி ஏறும். பற்றுக்கம்பியே இருக்காது. இலைக்கு நீளமான காம்பு உண்டு. பல வகைகளில் வெற்றிலை மாதிரி இதய வடிவம், சிலவற்றில் விரல் விரலாகப் பிரிந்திருக்கும். அடியிலிருந்து சில பெரிய நரம்புகள் வளைந்து நுனிக்குப் போகும், அவற்றுக்கு நடுவில் வலைப்பின்னல் இருக்கும். பூ கண்ணுக்கே தெரியாத அளவு சிறியது, சரம் சரமாகத் தொங்கும். காயில் மூன்று இறக்கை இருக்கும்.

சுருக்கமாகச் சொன்னால்: தண்டு சுற்றினால், இலைக்குக் காம்பு இருந்தால், நரம்பு வலை பின்னினால் வள்ளிக் கூட்டம். இலை நுனி சுற்றினால், காம்பு இல்லாவிட்டால், நரம்பு நேராக ஓடினால் செங்காந்தள். வள்ளிக் கூட்டத்திலும் அப்படியே தின்னக் கூடாத, பக்குவம் செய்தாக வேண்டிய கிழங்குகள் உண்டு என்பதையும் மறக்க வேண்டாம். தோண்டித் தின்று பழகியவர்களிடம் கேட்டுத்தான் சமைக்க வேண்டும்.

நரிவெங்காயம்

மேய்ச்சல் நிலத்திலும் சரளை மண்ணிலும் இருக்கும். இதன் சூட்சுமம், பூவும் இலையும் ஒன்றாக வராது. கோடையில் இலை எதுவும் இல்லாமல், மண்ணைத் துளைத்துக்கொண்டு ஒரே ஒரு மொட்டைத் தண்டு எழும்பும். அதில் இடைவெளி விட்டு விட்டு, மங்கலான பழுப்பு வெள்ளையில் சின்னச் சின்ன மணிப் பூக்கள் தொங்கும். பூ முடிந்து மழை வந்த பிறகுதான் நீளப் பட்டையாக இலைகள் தரையிலிருந்து வரும்.

தோண்டினால் அசல் வெங்காயம் மாதிரியே அடுக்கடுக்காக இருக்கும். சோதனை மூக்கில் இருக்கிறது. இலையையோ வெங்காயத்தையோ கசக்கினால் வெங்காய வாசம் வராது. சாறு பட்டால் தோல் அரிக்கும். அதனால் கையுறை போட்டுக்கொண்டு, இலையின் ஓரத்தை மட்டும் கசக்கிப் பாருங்க. இதயத்துடிப்பைப் பாதிக்கும் நஞ்சு இதில் இருக்கிறது. வாயில் வைத்துப் பார்க்கிற வேலையே கூடாது.

இதே மாதிரி இடங்களில் இன்னொரு சிறு வெங்காயச் செடியும் இருக்கும். இலை தரையோடு படிந்து, பச்சையில் ஊதாப் புள்ளி தெளித்த மாதிரி இருக்கும். பூ பச்சையும் ஊதாவுமாக மிகச் சிறியது. புள்ளி இலையைப் பார்த்தாலே தெரிந்துகொள்ளலாம். இதையும் தின்ன வேண்டாம்.

விஷமூங்கில்

வாய்க்கால் கரை, ஓடை ஓரம், ஈரமான இடம் இதன் வீடு. தண்ணீர் ஓரத்தில் தடித்த பட்டை இலைகள் கொத்தாக எழும்பி நிற்கும். நடுவில் ஒரு தடித்த தண்டு, அதன் உச்சியில் குடை மாதிரி வெள்ளைப் பூக்கள். இதழ் ஆறும் குறுகலாக நாடா மாதிரி இருக்கும். மகரந்தத் தாள் ஊதா கலந்த சிவப்பு. மாலையில் விரிந்து இரவெல்லாம் மணக்கும்.

பிஞ்சைக் கவனிங்க. செங்காந்தளில் பிஞ்சு இதழ்களுக்கு நடுவே வெளியே தெரிந்தது. இங்கே இதழ்களுக்குக் கீழே நீளமான குழல், அந்தக் குழலுக்கும் கீழே பிஞ்சு. பூவைப் பிய்க்காமலேயே பார்த்துவிடலாம். பெயரிலேயே விஷம் இருக்கிறது. இதன் வெங்காயத்தைத் தின்றால் கடும் வாந்தி வரும்.

பயப்பட வேண்டாத இரண்டு பேர்

தண்ணீர்விட்டான்: முள்ளுள்ள கொடி. இலை என்று நாம் நினைப்பது ஊசி ஊசியாக மெல்லிய பச்சைக் கொத்து. முள் பின்னோக்கி வளைந்து வேட்டியைப் பிடித்து இழுக்கும். பூ வெள்ளை, மிகச் சிறியது, நல்ல மணம். எண்ணிப் பார்த்தால் அதிலும் ஆறு இதழ்தான். மண்ணுக்குள் விரல் விரலாக வேர்கள் கொத்தாக இருக்கும்.

நிலப்பனை: பனங்கன்று முளைத்த மாதிரி மடிப்பு மடிப்பான இலைகள். தரையை ஒட்டி, இலைகளின் அடியில் மஞ்சள் நட்சத்திரமாக ஆறிதழ்ப் பூ. பிஞ்சு மண்ணுக்குள்ளேயே மறைந்திருக்கும். இலை நுனி மண்ணைத் தொட்டால் அங்கே புதுச் செடி வேர்விடுவதும் உண்டு. பூ இல்லாதபோது பனங்கன்றோடு குழம்பினால் இலையைத் தொட்டுப் பாருங்க. பனங்கன்று இலை விறைப்பாக இருக்கும், நிலப்பனை மெல்லியதாக இருக்கும்.

இரண்டும் சித்த மருத்துவத்தில் புழங்குபவை. அதனாலேயே வேரோடு பிடுங்கப்பட்டுக் குறைந்து வருபவை.

மலையில் இருக்கும் உறவினர்

உண்மையான லில்லி ஒன்றும் நம் மலைகளில் இருக்கிறது. நீலகிரி, பழனி மலைப் புல்வெளிகளில் ஆவணி, புரட்டாசி வாக்கில் நீளமான வெள்ளை எக்காளம் போலப் பூக்கும் நீலகிரி லில்லி. தண்டு முழுக்கக் குறுகலான இலை, நுனியில் சுருள் இல்லை. புல்வெளியை அழித்துச் சீகை மரமும் பைன் மரமும் தைல மரமும் நட்ட பிறகு இதன் இடம் சுருங்கிவிட்டது.

இமயமலையில், மரம் வளராத உயரத்தில் ஃபிரிட்டில்லரியா என்ற லில்லி இருக்கிறது. தலை குனிந்த மணி போன்ற பூ, பச்சை மஞ்சளில் ஊதாக் கட்டம் போட்ட மாதிரி இருக்கும். அதில் சிர்ரோசா என்ற இனத்தின் மேல் இலைகள் நம்ம செங்காந்தள் மாதிரியே நுனி சுருண்டு பக்கத்துப் புல்லைப் பிடித்துக்கொள்ளும். அந்தப் பெயரின் பொருளே பற்றுக்கம்பி உள்ளது என்பதுதான். இருமல் மருந்துக்காக அதன் சிறு வெங்காயத்தைத் தோண்டித் தோண்டி எடுத்து இப்போது அழியும் நிலைக்கு வந்திருக்கிறது. விதை விழும் முன்னே கிழங்கைத் தோண்டினால் அடுத்த தலைமுறை எங்கிருந்து வரும்? இமயமலைக்குச் சொல்வது நம் வரப்புக்கும் பொருந்தும்.

இயற்கை உழவர்கள் கவனிக்க

பூச்சிவிரட்டி தயாரிக்கும்போது "ஆடு மாடு தின்னாத இலை" என்று ஒரு கணக்கு வைத்திருக்கிறோம். வேம்பு, நொச்சி, ஆடாதொடை, எருக்கு என்று தெரிந்த இலைகளோடு நிறுத்திக்கொள்ளுங்க. ஆடு கடிக்கவில்லை என்பதற்காகச் செங்காந்தளையோ நரிவெங்காயத்தையோ ஊறலில் போட வேண்டாம். அந்தக் கரைசலைக் கையால் கலக்குகிறவரும் நீங்கதான், தெளித்த கீரையைத் தின்கிறவரும் உங்க வீட்டுக் குழந்தைதான்.

வரப்புப் புல்லை அறுத்து மாட்டுக்குப் போடும்போது செங்காந்தள் கொடி கலந்துவிடாமல் பார்க்க வேண்டும். நிற்கிற கொடியை மாடு ஒதுக்கலாம். புல்லோடு நறுக்கிப் போட்டால் ஒதுக்க வழியில்லை.

கிழங்கைக் கையாள வேண்டி வந்தால் கையுறை போடுங்க, பிறகு சோப்புப் போட்டுக் கழுவுங்க. வழியில் இடைஞ்சலாக இருக்கும் கிழங்கை வெட்டி எறியாமல், கொடி காய்ந்த பிறகு பதமாகத் தோண்டி வேலியோரம் மாற்றி நடலாம். கிழங்கின் நுனியில்தான் முளை இருக்கிறது, அது ஒடிந்தால் திரும்ப முளைக்காது. விதையிலிருந்து வளர்ந்து பூக்க மூன்று நான்கு வருடம் ஆகும். அதனால் இருக்கும் ஒவ்வொரு கிழங்கும் பெரிய சொத்து. வரப்புக்குக் களைக்கொல்லி அடிக்காத நம் போன்றவர்களின் தோட்டம்தான் இவற்றுக்குக் கடைசிப் புகலிடம்.

யாராவது தெரியாமல் தின்றுவிட்டால், அறிகுறி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. செங்காந்தள் நஞ்சு சில மணி நேரம் கழித்துத்தான் வாந்தி, பேதி என்று காட்டும். உடனே 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குப் போங்க. தின்ற கிழங்கின் துண்டையோ இலையையோ ஒரு பையில் போட்டுக் கொண்டுபோங்க, மருத்துவருக்கு அது பெரிய உதவி. வாந்தி நின்றதும் "சரியாயிடுச்சு" என்று வீட்டுக்குத் திரும்பிவிடவும் கூடாது. அதற்குப் பிந்தைய நாட்களில்தான் உடல் உறுப்புகள் பாதிக்கப்படும். மருத்துவர் சொல்லும்வரை அங்கேயே இருக்க வேண்டும்.

இந்த மழையில் ஒரு வேலை

ஐப்பசி, கார்த்திகையில் ஒரு நாள் காலையில் ஊர்ப் பெரியவர் ஒருவரையும் வீட்டுக் குழந்தைகளையும் கூட்டிக்கொண்டு வரப்பைச் சுற்றி வாங்க. பூத்து நிற்கும் ஒவ்வொரு கிழங்குச் செடிக்கும் பக்கத்தில் கல்லோ குச்சியோ நட்டு அடையாளம் வையுங்க. ஒரு நோட்டில் இடம், இலையின் நுனி, பூவின் நிறம், பிஞ்சு இருக்கும் இடம், பெரியவர் சொன்ன பெயர் எல்லாவற்றையும் எழுதுங்க. நரிவெங்காயத்துக்கு மட்டும் கோடையில் ஒரு நடை, மழையில் ஒரு நடை என்று இரண்டு தடவை போக வேண்டும்.

பக்கத்துத் தோட்டத்துத் தம்பி அந்தக் கூடைக் கிழங்கைத் தூக்கி எறியவில்லை. ஆத்தா சொன்னபடி வடக்கு வேலியோரம் குழி எடுத்து மறுபடி நட்டார், ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் ஒரு கல் வைத்தார். கார்த்திகையில் 11 கொடி பூத்தது. இப்போது அவர் தோட்டத்துக்கு யார் வந்தாலும் முதலில் அந்த வேலிக்குத்தான் கூட்டிப்போகிறார். பூவைக் காட்டுகிறார், இலை நுனியைத் தொட்டுக் காட்டுகிறார், "இதோட கெழங்குதானுங்க அன்னிக்கு என் கூடைல இருந்துச்சு" என்கிறார்.